இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஒரு ஞானத்தாய்

டார்வின்,
செப்டம்பர் 14, 1986
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ருஃபினோவுக்கு,

நெனிதா எழுதுவது. நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று நம் ஊர் இலோய்லோவில் பள்ளிக்கூடத்து சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வார்த்தையை எழுதலாமா வேண்டாமா என்று வெகுநேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன், மற்றதை எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. மழைக்கு இன்னும் காலம் இருக்கிறது, புழுக்கம் மட்டும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமரம் வேலிக்கு இந்தப் பக்கம் நிறையக் காய்த்திருக்கிறது. இந்தப் பக்கம் தொங்குவதெல்லாம் நம்முடையது என்று நீங்கள் போட்டுவிட்டுப் போன சட்டப்படியே நடந்துகொள்கிறேன். பழுக்கும்வரை காத்திருக்க முடியவில்லை. காயாகவே பறித்து உப்பும் இறால் விழுதும் தொட்டுத் தின்கிறேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் நீங்கள் படகு எஞ்சினைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்க்காத மனிதர் என்று அர்த்தம்.

ஆமாம். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனேன். நாட்கள் தள்ளிப்போவது எனக்குப் புதிதில்லையே, அதனால் நானும் இதுவரை பொருட்படுத்தவில்லை. டாக்டர் ஒரு குழாயை வயிற்றில் வைத்துக் கேட்கச் சொன்னார். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். நம் பிள்ளை, ருஃபினோ. போன இரண்டு முறையும் இந்தச் சத்தம் கேட்கிற அளவுக்கு வரவே இல்லை. அந்த வெள்ளைக்கார டாக்டர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவர் ஒரு பெட்டி காகிதத் துணியை எடுத்துக் கொடுத்தார்.

போன வாரம் கம்பெனி ரேடியோவில் பேசியபோது, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது, ஓவர், என்று கேட்டீர்கள். ஜலதோஷம், ஓவர், என்றேன். இந்த வாரம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ரேடியோவில் ஒருத்தி பேசினால் வளைகுடாவில் இறால் பிடிக்கிற அத்தனை படகும் கேட்கிறது. அதைவிட, உங்கள் பக்கத்தில் எடித்தாவின் புருஷன் ஆர்செனியோ நிற்பார். அவர் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மருத்துவமனை வாசலுக்கு வரும்வரை சந்தோஷமாகத்தான் வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் டாக்டர் சொன்ன கணக்கைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கடலுக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு டெஸிக்கு ஞானஸ்நானம் நடந்ததே, அன்றைக்கே இது வயிற்றில் இருந்திருக்கிறது. எடித்தாவின் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, நம் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் ஞானத்தாயாக நின்றிருக்கிறேன்.

நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்காதீர்கள். நம் ஊரில் எந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கர்ப்பிணி ஞானத்தாயாக நிற்கக் கூடாது என்று. நின்றால் இரண்டு பிள்ளைகளில் ஒன்று தங்காது. ஒன்றின் ஆயுளை ஒன்று எடுத்துக்கொள்ளும். என் பெரியம்மா மூன்று முறை ஞானத்தாயாகக் கேட்கப்பட்டும் மூன்று முறையும் வயிற்றைத் தொட்டுக் காட்டி மறுத்தவள். எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொன்னால் மேலே கணக்கில் கழித்துக்கொள்வார்களா என்ன?

அன்றைக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பூசை முடிந்ததும் முதலில் கோவில் வாசலைத் தாண்டுகிற பிள்ளை வாழ்க்கையில் முந்தி நிற்கும் என்று, அன்றைக்கு ஞானஸ்நானத்துக்கு வந்திருந்த இன்னொரு குடும்பத்தின் ஞானத்தாயை முழங்கையால் தள்ளிவிட்டு டெஸியைத் தூக்கிக்கொண்டு ஓடினேனே. ஃபாதர் டூலன் எங்கேயோ நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி வந்தார். வாசலில் எனக்குத் தலை சுற்றியது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் என்று நினைத்தேன்.

டெஸி இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். கொஞ்சம் இருமுகிறாள், அவ்வளவுதான். நீங்கள் நம் வீட்டுக்கென்று செய்து வைத்து, பிறகு எடித்தாவுக்குத் தூக்கிக் கொடுத்த தொட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு கிடக்கிறாள். இன்றைக்குப் போய்ப் பார்த்தேன். அவள் இருமும்போதெல்லாம் என் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. எடித்தா பார்த்துவிடப் போகிறாளே என்று கையை எடுத்துவிடுகிறேன்.

ஆர்செனியோவிடம் எதுவும் சொல்லாதீர்கள். நீங்கள் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறீர்கள், ஒரே வலையை இழுக்கிறீர்கள். உங்களுக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாது, அதுதான் எனக்குக் கவலை. அவர் கேட்டால் பல்வலி என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கையுறை போடாமல் சூடான எஞ்சினைத் தொடாதீர்கள். கடவுள் உங்களைக் காப்பாராக.

உங்கள்
நெனிதா

&nbsp;

டார்வின்,
செப்டம்பர் 23
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ருஃபினோவுக்கு,

என் முதல் கடிதம் இன்னும் கம்பெனி ஆபீஸில் தபால் மூட்டையோடு கிடக்கிறது. கடலுக்குத் தபால் கொண்டுபோகிற சரக்குப் படகுக்கு எஞ்சின் கோளாறாம். நீங்கள் கரையில் இருந்திருந்தால் இந்நேரம் சரி செய்து அனுப்பியிருப்பீர்கள் என்று அங்கே இருந்த பையனிடம் சொன்னேன். அவர் கரையில் இருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லையே என்றான். அதுவும் சரிதான். இரண்டும் ஒன்றாகவே வந்து சேரும், முதலில் முதல் கடிதத்தைப் படியுங்கள்.

டெஸி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

உங்கள் படகுக்கு ரேடியோவில் சொன்னது எனக்குத் தெரியும். பிள்ளைக்குச் சளி, ஆஸ்பத்திரியில் இருக்கிறது, கவலை வேண்டாம், ஓவர். அதைச் சொன்ன ஆபீஸ்காரருக்குப் பிள்ளை இல்லை. சளி இல்லை ருஃபினோ, நிமோனியா. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் பள்ளம் விழுகிறதாம். தலையைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூடாரம் மாதிரி ஒன்று போட்டு அதற்குள் காற்று விடுகிறார்கள். இதையெல்லாம் நம் எல்லோருக்கும் அக்காவான மானாங் பாசிங் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவள் ஆயிற்றே, சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு எல்லா வார்டுக்கும் போய்விடுகிறாள். நான் இன்னும் டெஸியைப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். மானாங்குக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து இறால் விழுது டப்பாவைத் திறந்தாள். அந்த வாசனைக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். போன வாரம் அள்ளி அள்ளித் தின்ற அதே விழுதுதான். திரும்பி வந்தபோது மானாங் நாற்காலியில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன மாசம்டி?" என்றாள். சொன்னேன். விரலை மடக்கி எண்ணினாள். முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயோ நெனி, அப்ப நீ பிள்ளையத் தூக்கி நின்னப்பவே... இத யாருகிட்டயாவது சொன்னியா?"

"யாருகிட்டயும் சொல்லல மானாங்."

"சொல்லாத. எடித்தாவுக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சில முழிக்க மாட்டா. அந்தப் பிள்ள பக்கமே போகாத. தொடாத. அது மூச்சு விடுற ரூமுல நீ மூச்சு விடாத. ஒண்ண ஒண்ணு இழுக்கும். தொட்டிலு வேற குடுத்துட்டே, மவராசி. உன் பிள்ளைக்குன்னு செஞ்சத அதுக்குக் குடுத்துட்டு, இப்ப என்ன பண்ணப் போற?"

எனக்குக் கோபம் வந்தது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது, அவளை வெளியே போ என்று சொல்லிவிட்டேன். அவள் போனாள், ஆனால் அவள் சொன்னது போகவில்லை. அன்று சாயங்காலமே எடித்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் போனாள்.

ஃபாதர் டூலனிடம் போனேன். பங்கு வீட்டுத் தோட்டத்தில் கால்சட்டையோடு புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்வதை வெட்டும் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டார், பிறகு நிறுத்தினார். திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றார். சட்டத்தில் இருந்திருந்தால் விதிவிலக்குக்கு மனுப் போட்டிருப்பேன் ஃபாதர், இல்லாததால்தான் பயமாக இருக்கிறது என்றேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய ஊரில் இந்தப் பயம் இல்லை, அவருக்கு வேறு பயங்கள் இருக்கும். கடைசியில் ஒன்று சொன்னார். ஞானஸ்நானத்தன்று அவர் என்னைப் பார்த்து, இந்தத் தாய்க்கு அவள் கடமையில் துணை நிற்க ஆயத்தமா என்று கேட்டபோது நான் ஆயத்தம் என்று சொன்னேனாம், கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரி. "போய் உன் ஞானப்பிள்ளையைப் பாரு, நெனிதா. அவ்வளவுதான் உன் வேலை" என்றார்.

அதைக் கேட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி கொண்டுபோனேன். எடித்தாவுக்கு அந்தக் கஞ்சி பிடிக்கும். வார்டு கதவுவரை போய்விட்டேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதன் வழியாக எடித்தாவின் முதுகு தெரிந்தது, கூடாரத்துக்குள் கையை விட்டுக் குனிந்திருந்தாள். உள்ளே போனால் டெஸிக்கு என்ன ஆகுமோ என்று பயமா, என் வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகுமோ என்று பயமா, எனக்கே தெரியவில்லை. கஞ்சியைக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு நடந்துவிட்டேன். நேற்றும் அப்படியே செய்தேன். இன்றும்.

வீட்டுக்கு வந்து செபமாலையை எடுத்தால் வாய் வரவில்லை. டெஸி பிழைக்க வேண்டும் என்று தொடங்குகிறேன், பாதியில் நிறுத்திவிடுகிறேன். அவளுக்காகக் கேட்டால் நம் பிள்ளையைக் கொடுத்துவிடு என்று கேட்கிறேனோ? நம் பிள்ளைக்காகக் கேட்டால் டெஸியை எடுத்துக்கொள் என்று கேட்கிறேனோ? மாதா சுரூபத்துக்கு முன்னால் வெறுமனே மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இப்படி ஒரு பயம் இதற்கு முன் இருந்ததில்லை, ருஃபினோ. புயல் எச்சரிக்கை வந்து நீங்கள் கடலில் இருந்தபோதுகூட உங்களுக்காக வேண்ட முடிந்தது.

நீங்கள் எனக்காக வேண்டுங்கள் என்று எழுத வந்தேன். அதையும் எழுதப் பயமாக இருக்கிறது.

உங்கள்
நெனிதா

&nbsp;

டார்வின்,
செப்டம்பர் 27
சனிக்கிழமை

அன்புள்ள ருஃபினோவுக்கு,

சரக்குப் படகு ஒருவழியாக நாளைக் காலை கிளம்புகிறது. மானாங் பாசிங் வந்து இந்தக் கடிதத்தை வாங்கிப்போய் மூட்டையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அதனால் அவசரமாக எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். படுத்தபடி எழுதுகிறேன். பயப்படாமல் முழுவதும் படியுங்கள்.

வியாழக்கிழமை காலை எழுந்தபோது ரத்தம் கண்டது. நிறைய இல்லை. ஆனால் போன இரண்டு முறையும் இப்படித்தான் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர், மாங்காய் விஷயத்தில் என்னோடு பேசாமல் இருக்கிறவர், தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுக்க அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், மாங்காயெல்லாம் நீங்களே பறித்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். துடிப்பு இருக்கிறது. அசையாமல் படுத்திருக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பார்க்கலாம் என்ற வார்த்தையை நான் இதற்கு முன் இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

டெஸி இருக்கிற அதே ஆஸ்பத்திரி. அவள் கீழே, நான் மேல் மாடியில். கட்டிலில் படுத்ததும் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்படியானால் கீழே டெஸி பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றியது. அடுத்த நொடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம், இதை விட்டுவிடு, இதை விட்டுவிடு என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன், சொன்னதன் அர்த்தம் என்ன என்பது பிறகுதான் உறைத்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மதியம் எடித்தா வந்தாள். மானாங் பாசிங்தான் சொல்லியிருக்கிறாள். யாரிடமும் சொல்லாதே என்று எனக்குச் சொன்னவள், சாப்பாட்டு வண்டியோடு கீழே போனதும் முதல் வேலையாக எடித்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அழுதாளாம். எடித்தா தலை வாரவில்லை, ரவிக்கையில் பால் கறை, காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு. கட்டிலுக்குக் கால்மாட்டில் வந்து நின்றாள். ஞானஸ்நானத்திலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஞானத்தாயை நம் ஊரில் கூப்பிடுகிற மாதிரி மாரே என்றுதான். அன்றும் அப்படித்தான் தொடங்கினாள்.

"ஏன் மாரே, கதவுக்கு வெளிய கஞ்சி வச்சுட்டு ஓடுறதுக்கா உன்ன ஞானத்தாயா வச்சேன்? நாய்க்கு வைக்கிற மாதிரி தரையில வச்சுட்டுப் போற. எனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா? புருஷன் கடல்ல. டாக்டரு பேசுற இங்கிலீசு பாதி புரியல. என்னமோ பேப்பர்ல கையெழுத்துப் போடுன்னாங்க, என்னன்னு தெரியாமலே போட்டேன். கண்ணாடி வழியா உன் தலை தெரிஞ்சுது, உள்ள வருவேன்னு பாத்தேன். திரும்பிப் பாத்தா கஞ்சிதான் இருக்கு!"

மானாங் சொல்லிட்டாளே, உனக்குத் தெரியுமே, என்று மட்டும் சொன்னேன்.

"மானாங் சொல்லித்தானா எனக்குத் தெரியணும்?" என்றாள். கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கோபம் அப்படியே வடிந்துவிட்டது, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "அன்னிக்குக் கோவில் வாசல்ல நிலையப் புடிச்சுக்கிட்டு நின்னியே, அப்பவே தெரியும். இவ என் வயித்துல இருந்தப்போ நானும் அதே மாதிரி நின்னிருக்கேன். தண்ணி ஊத்தியாச்சு, பேரு வச்சாச்சு, இனிமே என்ன பண்றது? சொன்னா நீ பயந்து எங்க பக்கமே வர மாட்டேன்னு சொல்லல. எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியவும் வேணாம், அது பாட்டுக்கு நல்லபடியாப் பொறக்கட்டும்னு இருந்தேன்."

அத்தனை வாரமும் அவளும் என்னைப் பார்த்துப் பார்த்துப் பயந்திருக்கிறாள், ருஃபினோ. என் வயிற்றைப் பார்த்து. ஏற்கெனவே இரண்டு போனவள், இதுவும் டெஸியால் போய்விட்டால் என்று. நான் ஒரு பக்கம் மறைக்க, அவள் ஒரு பக்கம் மறைக்க, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறோம்.

பிறகு அவள் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் அவளைத் தப்பாக நினைக்கக் கூடாது.

"செவ்வாக்கெழம டெஸி நீலமாயிட்டா" என்றாள். "நர்சுங்கல்லாம் ஓடி வந்தாங்க. என்னத் தள்ளி நிறுத்திட்டாங்க. சுவத்துல முட்டிக்கிட்டு நான் என்ன கேட்டேன் தெரியுமா? ரெண்டுல ஒண்ணுதான்னா எனக்கு என்னோடத விட்டுருன்னு கேட்டேன். உன்னோடத எடுத்துக்கன்னு வாயால சொல்லல, மாரே. சத்தியமாச் சொல்லல. ஆனா அதானே அர்த்தம்? இன்னிக்கு உனக்கு ரத்தம்னு மானாங் வந்து சொல்றா. நான் கேட்டதக் குடுத்துட்டாங்களோன்னு மேல ஓடி வந்தேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அடிக்கப் போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"நானும் அதையேதான் கேட்டேன்" என்றேன். "இங்க, இந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு."

எதிர்க் கட்டிலில் இருந்த வெள்ளைக்காரப் பெண் எங்களைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டாள். நாங்கள் என்ன பேசுகிறோம் என்று அவளுக்குப் புரிந்திருக்காது, ஆனால் முகம் புரிந்திருக்கும்.

எடித்தாதான் முதலில் எழுந்தாள். எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அசையக் கூடாது என்று நர்ஸ் சொல்ல வந்தாள். எடித்தா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இவள் என் பிள்ளைக்குத் தாய், இவள் வந்தே ஆக வேண்டும் என்றாள். நர்ஸ் என்ன புரிந்துகொண்டாளோ, தானே என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, தானே கீழே தள்ளிக்கொண்டு வந்தாள்.

டெஸி எவ்வளவு சின்னதாகிவிட்டாள் தெரியுமா. கூடாரத்துக்குள் பனி மூட்டம் மாதிரி இருக்கிறது, அதற்குள் உதடு மட்டும் தெரிகிறது. கையை உள்ளே விடச் சொன்னாள் எடித்தா. மானாங் பாசிங் வாசலில் வண்டியோடு நின்று கண்ணை மூடிக்கொண்டாள். விட்டேன். டெஸி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பிடி பலமாகத்தான் இருந்தது. அதை வைத்து நான் எதையும் முடிவு செய்யவில்லை, டாக்டரும் முடிவு செய்யவில்லை.

எடித்தா பக்கத்தில் மண்டியிட்டு என் வயிற்றின்மேல் கையை வைத்தாள். "இனிமே இப்படித்தான் மாரே" என்றாள். "நீ உன் பிள்ளைக்கு வாயத் திறக்கக் கூடாது. நான் என் பிள்ளைக்குத் திறக்கக் கூடாது. நம்ம வாய நம்பக் கூடாது, அது தனக்குன்னுதான் கேக்கும். நீ இவளுக்குக் கேளு. நான் இதுக்குக் கேக்கறேன். அப்ப ஒண்ணுக்கு ஒண்ணு எதிரா எப்படிப் போகும்?"

போகாது என்று எனக்கும் தோன்றியது. சரியா தப்பா என்று ஃபாதர் டூலனைத்தான் கேட்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேலாக நான் டெஸியின் ஞானத்தாய், ருஃபினோ. உண்மையில் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பிள்ளைக்காகப் பயமில்லாமல் முழுசாக ஒரு செபம் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. நம்முடையதை நினைக்காமல் இருந்தேனா என்றால், இல்லை, நினைத்தேன். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள வேறொருத்தி இருந்தாள், என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு.

பெயர் இல்லாமல் எப்படி வேண்டுவது, யாருக்கென்று மாதாவுக்கு எப்படித் தெரியும் என்று எடித்தா நேற்று நம் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள். இதற்கு அவள்தான் ஞானத்தாயாம். ஞானத்தாய் வைக்கிற பெயர், அதை நான் கேட்கக் கூடாதாம். பிறந்து, தொட்டிக்கு முன்னால் அவள் தூக்கிக்கொண்டு நிற்கும்போது சொல்வாளாம். காலையிலும் மாலையிலும் மேலே வந்து என் வயிற்றில் குனிந்து அந்தப் பெயரை மெல்லச் சொல்லி வேண்டுகிறாள். காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை. கீழே போகும்போது, டெஸிக்குச் செபம் சொன்னியா என்று என்னை மிரட்டிவிட்டுப் போகிறாள்.

இன்றைக்கு நிலைமை இதுதான். டெஸிக்கு ஜுரம் இறங்கியிருக்கிறது, மூச்சு இன்னும் இழுக்கிறது, கூடாரத்தை எடுக்கவில்லை. எனக்கு நேற்று ரத்தம் இல்லை, இன்று காலை கொஞ்சம் இருந்தது. இரண்டு டாக்டரும் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. இதை எழுதும்போதும் கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மானாங் பாசிங் வந்துவிட்டாள். இரண்டு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்திருக்கிறாள், ஒன்று எனக்கு, ஒன்று கீழே. கடிதத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆகவே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் கடிதத்தில் ஆர்செனியோவிடம் எதுவும் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது சொல்லுங்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் இந்தக் கடிதம் வருகிற படகிலேயே ஏறிக் கரைக்கு வரப் போகிறார். அவர் ஏறுவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு பக்கமாகப் போய் உட்காருங்கள். இங்கே நாங்கள் செய்ததை அங்கே நீங்கள் செய்யுங்கள். நீங்கள் டெஸிக்காக வேண்டுங்கள், உங்கள் சொந்தப் பிள்ளைக்கு வேண்டுகிற மாதிரி.

நம் பிள்ளைக்காக நீங்கள் வேண்டாதீர்கள், ருஃபினோ. நீங்கள் இதைப் படித்தவுடன் வாய் அதற்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். கடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைக் காதால் கேட்கிற நாள் எனக்கு வர வேண்டும் என்று நானும் வேண்டக் கூடாது, நான் வேண்டவில்லை. அதை ஆர்செனியோவை வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள்
நெனிதா